மொட்டைமாடி முதல் வேடந்தாங்கல் வரை: சென்னையில் பறவை பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பறவை பார்க்கத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதலில் எங்கே போக வேண்டும்?

எங்கும் போக வேண்டாம். முதல் ஒரு மாதத்துக்கு உங்கள் மொட்டைமாடியோ பால்கனியோ போதும். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருபது நிமிடம் உட்காருங்கள். வேம்பும் முருங்கையும் ஒன்றிரண்டு தென்னையும் மிச்சமிருக்கிற தெருவாக இருந்தால் காகம், அண்டங்காக்கை, மைனா, குயில், செண்பகம், தையல்சிட்டு, தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, வால்காக்கை, கரிச்சான், பச்சைக்கிளி, மரங்கொத்தி, வெண்தொண்டை மீன்கொத்தி, மடையான், செம்பருந்து, வல்லூறு எல்லாம் ஒரு மாதத்துக்குள் கண்ணில் பட்டுவிடும்.

நேரே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சோர்ந்துபோய்த் திரும்புகிறார்கள். அங்கே நாற்பது வகைப் பறவைகள் இருநூறு மீட்டர் தள்ளி, கண் கூசும் தண்ணீரில், ஒன்றோடொன்று கலந்து நிற்கும். மைனாவின் அளவும் நடையும் பறக்கும் விதமும் மனதில் பதியாதவருக்கு அந்தக் கூட்டத்தில் எது புதிது என்றே தெரியாது.

எந்த நேரம் நல்லது?

சூரியன் எழுந்ததும் வரும் முதல் இரண்டு மணி நேரம். சென்னையில் ஜனவரி நடுவில் சூரியோதயம் ஏறக்குறைய ஆறரைக்கு, ஜூனில் ஐந்தே முக்காலுக்கு. ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்கே பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். மாலை நாலரைக்கு மேல் மறுபடியும் நடமாட்டம் இருக்கும். பருந்துகளைப் பார்க்க மட்டும் ஒன்பது மணிக்கு மேல் பாருங்கள். தரை சூடாகிக் காற்று மேலெழுந்த பிறகுதான் அவை வட்டமிடத் தொடங்கும்.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால் மி.மீ. மரநிழலிலும் அதிகாலையிலும் இந்த அகலம் கைகொடுக்கும். எடை கூடாது என்றால் 8×30 அல்லது 8×32.

10 மடங்கு, 12 மடங்கு என்று போகத் தோன்றும். மடங்கு ஏற ஏறக் கைநடுக்கமும் அதே அளவு பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும், முருங்கைக் கிளையில் தாவும் தையல்சிட்டைப் பிடிக்கவே முடியாது. ஏரிக்கு மட்டுமே போகிறவருக்கு 10×42 சரிப்படும். "ஜூம்" வசதி உள்ளவற்றையும், "60×60", "100×" என்று பொறித்து நடைபாதையில் விற்பவற்றையும் தொடாதீர்கள். அந்த எண்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

வாங்கிவிட்டேன். ஆனால் இரண்டு வட்டமாகத் தெரிகிறது, ஓரம் கறுக்கிறது, ஒரு கண்ணில் மங்கல்.

மூன்றும் வேறு வேறு கோளாறு. இரண்டு வட்டம் தெரிந்தால் நடுக்கீலை மடக்கி, உங்கள் கண்களுக்கு இடையிலான தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், ஒரே வட்டமாகும். ஓரம் கறுத்தால் கண்பக்க ரப்பர் குமிழைச் சரிசெய்ய வேண்டும். மூக்குக்கண்ணாடி போடுபவர் அதை முழுக்க உள்ளே தள்ளிவிடவும், போடாதவர் வெளியே இழுத்துக்கொள்ளவும்.

ஒரு கண்ணில் மட்டும் மங்கலாக இருந்தால், தூரத்தில் ஒரு பெயர்ப்பலகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குழலில் உள்ள சிறு வளையத்தை மட்டும் திருகித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். இனி நடுச்சக்கரத்தை மட்டும் தொட்டால் போதும். இதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் தலைவலியோடு பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

பறவை சிக்கவில்லை என்பது தனிப் பிரச்சினை. குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவையை விட்டுவிடுவீர்கள். பார்வையைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் அசையாத காகத்தில் பழகுங்கள்.

லென்ஸில் சிலந்திவலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.

பூஞ்சை. சென்னை ஈரப்பதத்தில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பீரோவுக்குள் உறையோடு வைத்ததற்குக் கிடைக்கும் பரிசு. உள்லென்ஸில் படர்ந்துவிட்டால் வீட்டில் துடைக்க முடியாது, பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை ஜெல் என்றால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தானே காட்டிக்கொடுக்கும். கடற்கரைக்கும் முட்டுக்காட்டுக்கும் போய் வந்தால் உப்புப் படலத்தை முதலில் ஊதி, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வேட்டி நுனியாலோ துப்பட்டாவாலோ உலரத் தேய்த்தால் மணல்துகள் லென்ஸைக் கீறிவிடும்.

பார்ப்பதற்குள் பறந்துவிடுகிறது. எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். காலை வெயில் பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் எல்லாப் பறவையும் கறுப்பு. முதலில் அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காகமா, பருந்தா, எதன் அளவு? அடுத்து அலகு, பிறகு வால், பிறகு என்ன செய்தது. கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்து அதே கம்பிக்குத் திரும்பினால் கரிச்சானாகவோ பஞ்சுருட்டானாகவோ இருக்கும். தரையில் ஏழெட்டாகக் குதித்துக்கொண்டே சருகைப் புரட்டிச் சண்டைபோட்டால் தவிட்டுக்குருவி. வால் பிளவுபட்டிருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து. இந்த ஒரு குறிப்பு போதும், இளம் செம்பருந்தின் தவிட்டு நிறத்தில் ஏமாறமாட்டீர்கள்.

புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே குறிப்பேட்டில் நான்கு வரி எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்தபின் எழுதினால், பார்த்ததை எழுதாமல் படத்தில் இருப்பதை எழுதுவீர்கள்.

கொக்கெல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கிறதே?

அலகையும் காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக்கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து, பெரும்பாலும் மாட்டின் காலடியிலோ குப்பைமேட்டிலோ நின்றால் உண்ணிக்கொக்கு. கோடையில் இதன் தலையும் முதுகும் ஆரஞ்சாகும். கழுத்து மிக நீண்டு, நடுவில் முறிந்ததுபோல வளைந்து, வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு.

இனப்பெருக்கக் காலத்தில் அலகின் நிறம் மாறும் என்பதால் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சேற்று நிறத்தில் உட்கார்ந்திருந்தது பறக்கும்போது திடீரென்று வெள்ளையானால் அது மடையான். குருட்டுக்கொக்கு என்பதும் அதுவே. கண் நன்றாகத்தான் தெரியும். ஆள் பக்கத்தில் வரும்வரை அசையாமல் இருப்பதால் வந்த பெயர்.

என் செம்பருத்திக்கு வருவது எந்தத் தேன்சிட்டு?

வயிறு மஞ்சள், முதுகு செம்பழுப்பு என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆண். உடல் முழுக்கக் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டின் ஆண். பெண்களில்தான் குழப்பம்: தொண்டை சாம்பல்வெள்ளையாகவும் வயிறு மஞ்சளாகவும் இருந்தால் முன்னது, தொண்டையிலிருந்தே மஞ்சள் படர்ந்தால் பின்னது. மஞ்சள் மார்பின் நடுவில் கறுப்புக் கோடு ஒன்று இறங்கினால், அது இனப்பெருக்கம் முடிந்து நிறம் மங்கிய ஊதாத் தேன்சிட்டு ஆண்.

குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? செயலிகள் சரியாகச் சொல்லுமா?

சென்னைத் தெருவில் பாதிப் பறவைகளைக் காதால்தான் பிடிக்க வேண்டும். "டுக், டுக், டுக்" என்று உலோகத்தைத் தட்டுவதுபோல ஒரே சீராகக் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான், உச்சிக்கிளையில் தேடுங்கள். கட்டைவிரல் அளவு உடம்பிலிருந்து "டுவீட் டுவீட்" என்று தெருவே கேட்கும்படி வந்தால் தையல்சிட்டு. அந்தி நேரத்தில் கரகரவென்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டால் புள்ளி ஆந்தை. புதருக்குள்ளிருந்து "கூப் கூப் கூப்" என்று ஆழமாக வந்தால் செண்பகம். பிப்ரவரி, மார்ச்சில் கூவத் தொடங்குவது ஆண்குயில். உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளி போட்ட பழுப்புநிறப் பெண்குயில் "கிக் கிக் கிக்" என்று கத்திக்கொண்டு ஓடும், அதை வேறு பறவை என்றே பலர் நினைக்கிறார்கள்.

மெர்லின் செயலியில் இந்தியப் பறவைத் தொகுப்பைத் தரவிறக்கிக்கொண்டால் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஆட்டோ ஹார்னும் நாய்க்குரைப்பும் கலந்த பதிவில் தடுமாறும். மற்றப் பறவைகளின் குரலைக் காப்பியடிக்கும் கரிச்சானிடம் ஏமாறும். அது சொன்ன பெயரைக் கையில் வைத்துக்கொண்டு பறவையைக் கண்ணால் தேடுங்கள், பார்த்தால் மட்டும் எழுதுங்கள்.

தண்ணீர் வைத்தேன், ஒன்றும் வரவில்லை.

பெரும்பாலும் பாத்திரம்தான் காரணம். ஆழமான வாளியும் வழவழப்பான எவர்சில்வர் கிண்ணமும் ஆகாது. அகலமான மண்தட்டு, ஓரத்தில் இரண்டு செ.மீ., நடுவில் ஐந்து செ.மீ. ஆழம் போதும். நடுவில் ஒரு சொரசொரப்பான கல் வையுங்கள், சின்னப் பறவை அதில் உட்கார்ந்து குடிக்கும். நிழலில் வையுங்கள், மே மாத வெயிலில் தண்ணீர் சுடும். பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, ஆனால் பறந்து ஏற ஒரு கிளை அருகில் இருக்கும்படி வையுங்கள். பிறகு பொறுமை. முதலில் காகம் கண்டுபிடிக்கும், மற்றவை அதைப் பார்த்து வரும். பத்துப் பதினைந்து நாளாவது இடம் மாற்றாதீர்கள்.

கொசுவுக்காகத் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டையைப் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கும், தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயே இருக்கும். தினமும் மாற்றுங்கள், இரண்டு நாளைக்கு ஒருமுறை தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

அரிசி, கம்பு போடலாமா? காகத்துக்குச் சோறு வைப்பது?

காகத்துக்கு ஒரு பிடி வைப்பது வீட்டு வழக்கம், வையுங்கள். உப்பு, குழம்பு கலக்காத சோறாக, உடனே தின்று தீரும் அளவாக. மிஞ்சிக் கிடந்தால் இரவில் எலி வரும்.

தானியம் கொட்டுவதைப் பரிந்துரைக்கமாட்டோம். கிளிக்கென்று போடும் கம்பை மாடப்புறா தின்னும். அது அடுக்குமாடிகளில் ஆண்டு முழுவதும் பெருகும், ஏ.சி. பெட்டி மேல் கூடு வைக்கும். அதன் காய்ந்த எச்சத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது தனி. தானியத்துக்குப் பதில் செடி வையுங்கள்.

எந்தச் செடி?

இடமிருந்தால் முருங்கை. பூக்கும்போது தேன்சிட்டும் பூச்சி தேடி வரும் குருவிகளும் விடியலிலிருந்தே அதில்தான். கறிவேப்பிலையை வெட்டிக்கொண்டேயிருக்காமல் ஒரு கிளையைப் பழுக்க விட்டால் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். தேன்பழ மரம் என்கிற சிங்கப்பூர் செர்ரி ஓரிரு ஆண்டில் காய்த்துவிடும், பூக்கொத்திக்கு அதைவிடப் பிடித்தது இல்லை. தொட்டியில் என்றால் செம்பருத்தி, இட்லிப்பூ. பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள்; தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் ஊட்டும்.

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டினேன், வரவே இல்லை.

அக்கம்பக்கத்தில் சிட்டுக்குருவி இருந்தால்தான் பெட்டிக்கு வரும். திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகளில் வாய்ப்பு அதிகம். ஓட்டு இடுக்கும் உத்திரப் பொந்தும் இல்லாத கான்கிரீட் வீடுகள், பூச்சி இல்லாத தோட்டங்கள், கடைவாசலில் சிந்தாத பாக்கெட் அரிசி: மூன்றும் சேர்ந்து அதை விரட்டின. செல்போன் கோபுரத்தின் மேல் பழிபோடுவது எளிது, நிரூபணம் இல்லை.

பெட்டியின் அளவும் முக்கியம். துளை 32 மி.மீ.; பெரிதானால் மைனா நுழையும். அடிப்பரப்பு 12 முதல் 15 செ.மீ. சதுரம். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், மேற்கு வெயிலும் சாரலும் படாத சுவரில் மாட்டுங்கள். வாசலில் உட்காரும் குச்சி வேண்டாம், அது காகத்துக்கு வசதி.

பால்கனித் தொட்டியில் கொண்டைக்குருவி கூடு கட்டிவிட்டது.

மூன்றரை, நான்கு வாரம் விட்டுக்கொடுங்கள். அடைகாப்பது சுமார் 14 நாள், குஞ்சு கூட்டை விட்டுப் போக இன்னும் ஏறக்குறைய அவ்வளவே. தொட்டியை நகர்த்தாதீர்கள், இலையை வெட்டாதீர்கள். வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். அடிக்கடி எட்டிப்பார்த்தால் காகம் உங்களைப் பார்த்துக் கூட்டைக் கண்டுபிடிக்கும்.

ஒரு குருவி தினமும் ஜன்னல் கண்ணாடியைக் கொத்துகிறது. இன்னொன்று மோதி விழுந்தது.

கொத்துவது, தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து. கூடு கட்டும் காலம் முடிந்தால் நின்றுவிடும். அதுவரை கண்ணாடியின் வெளிப்பக்கம் செய்தித்தாளை ஒட்டுங்கள். உட்பக்கம் திரை போட்டால் பிம்பம் இன்னும் தெளிவாகும்.

மோதுவது வேறு, அதற்குக் கண்ணாடி வெட்டவெளியாகத் தெரிகிறது. வெளிப்பக்கம் ஐந்து செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்ட வேண்டும். ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டினால் பயனில்லை. விழுந்த பறவையைக் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். தெளிந்ததும் வெளியே திறந்துவிடுங்கள். இறக்கை தொங்கினால் வேளச்சேரி புளூ கிராஸுக்கோ வனத்துறைக்கோ தெரிவியுங்கள்.

அக்டோபரில் வீட்டுக்குள் வாலில்லாத பலவண்ணப் பறவை ஒன்று வந்துவிட்டது. யாருடைய வளர்ப்புப் பறவை?

யாருடையதும் அல்ல. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே, இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் பறக்கும், நகர விளக்கில் தடுமாறிக் கட்டடத்துக்குள் நுழைந்துவிடும். அரிசியோ ரொட்டியோ தின்னாது, சருகைப் புரட்டிப் புழுபூச்சி தேடுவது. மேலே சொன்ன பெட்டி முறையில் ஓய்வு கொடுத்து, காகங்கள் அடங்கிய அந்தி நேரத்தில் மரமும் சருகும் உள்ள இடத்தில் விடுங்கள்.

மே, ஜூனில் காகம் தலையில் கொத்துகிறது. பரிகாரம் செய்ய வேண்டுமா?

குடை பிடிக்க வேண்டும். பக்கத்து மரத்தில் குஞ்சு இருக்கிறது, அல்லது பறக்கத் தெரியாமல் கீழே இறங்கிவிட்டது. இரண்டு மூன்று வாரத்தில் தானே நின்றுவிடும். காகம் பின்னாலிருந்துதான் பாயும், நேருக்கு நேர் பார்த்தால் தயங்கும்.

கீழே கிடக்கும் குஞ்சுக்கு இறகு முளைத்திருந்தால் புதர்மேல் எடுத்து வைத்துவிட்டு விலகுங்கள், தாய் வந்து ஊட்டும். இறகே இல்லையென்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். மனித வாசனை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. காகம் குயில்குஞ்சுக்கு ஊட்டினாலும் விட்டுவிடுங்கள், அது அவர்கள் விவகாரம்.

மழை பெய்து ஏரி நிரம்பியதும் பறவை கூடும் என்று போனால் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது. ஏன்?

பெரிய ஏமாற்றம் இதில்தான் வருகிறது. நீர்ப்பறவைக்குத் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, தன் கால் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். சேற்றில் இரை தேடும் உள்ளான்களுக்கு ஈரச்சேறும் விரற்கடை ஆழமும். நெடுங்கால் உள்ளான் நம் கணுக்கால் ஆழம்வரை இறங்கும். சங்குவளை நாரை முழங்காலுக்குக் கீழ்வரை உள்ள நீரில் அலகைத் திறந்தபடி துழாவும். மீன் தட்டினதும் மூடிக்கொள்ளும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழத்துக்குப் போகும். டிசம்பரில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் ததும்பி நிற்கும்போது உள்ளான்கள் வயல்களுக்கும் உப்பங்கழிகளுக்கும் சிதறிவிடும். அப்போது நாமக்கோழியையும் வாத்துகளையும் பாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து நீர் வடிந்து சேறு தெரியத் தெரிய உள்ளான்களும் நாரைகளும் குவியும். நத்தைகுத்தி நாரைக்கும் அப்போதுதான் கொண்டாட்டம்.

ஆகவே "எந்த மாதம் போகலாம்" என்று கேட்பதைவிட "தண்ணீர் எவ்வளவு" என்று கேளுங்கள். அடையாறு முகத்துவாரத்தில் இதே கணக்கு ஒரே நாளுக்குள் நடக்கிறது: கடல் உள்வாங்கும் நேரத்தில் சேற்றுத்திட்டு வெளிப்படும். கேளம்பாக்கம், முட்டுக்காடு உப்பங்கழிகளில் ஆலாக்களும் கடற்காகங்களும், சில ஆண்டுகளில் பூநாரையும். பூநாரைக்கென்றே போவதென்றால் வடக்கே பழவேற்காடு.

காலையில் நீரின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மாறாக. பள்ளிக்கரணையில் ரேடியல் சாலை ஓரச் சுற்றுச்சூழல் பூங்காவின் நடைபாதை பாதுகாப்பானது. லாரி ஓடும் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பார்க்காதீர்கள்.

வேடந்தாங்கலுக்கு எப்போது போவது?

ஏரியில் தண்ணீர் இருந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை பொய்த்த ஆண்டில் போவது வீண்; நீரில் நிற்கும் மரத்தில்தான் பறவைகள் கூடு வைக்கும், நீர் வற்றினால் கூட்டைக் கைவிடும். மாலை நாலு மணிக்கு மேல் இரை தேடப் போனவை திரும்பும் காட்சிதான் அங்கே பார்க்க வேண்டியது: கூழைக்கடா, சங்குவளை நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம். அவை வீடு சேரும் நேரத்தில், இரவில் இரை தேடும் வக்கா வேலைக்குக் கிளம்பும். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் காத்துவந்த ஏரி இது. வேட்டையைத் தடுக்கக் கோரி 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து உத்தரவே வாங்கினார்கள். பக்கத்தில் உள்ள கரிக்கிலியில் கூட்டம் குறைவு, வாத்துகளுக்கு அதுவே மேல். இரண்டும், பள்ளிக்கரணையும், 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன.

படம் எடுக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும்?

கூட்டுக்குப் பக்கத்தில் போவதை. கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை. ஆந்தை மேல் பிளாஷ் அடிப்பதை. நன்மங்கலம் காட்டின் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அது உட்காரும் பொந்து எது என்பதைப் பொதுவில் எழுதாதீர்கள். பறவை தலையை உயர்த்தி உங்களையே பார்த்தால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள், இரண்டடி பின்னால் வாருங்கள்.

கிளி வளர்க்கலாமா?

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முனியா என்கிற சில்லைகளுக்கும் அப்படியே.

நான் பார்த்ததை எங்கே பதிவது?

குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், நீர்மட்டம், வகை, எண்ணிக்கை. அதையே இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். அரிதானதை மட்டும் ஏற்றாமல், அந்த இருபது நிமிடத்தில் கண்ட காகம், மைனா உட்பட எல்லாவற்றையும் எண்ணிப் போட்டு "முழுப் பட்டியல்" என்று குறியுங்கள். எண்ண முடியாத கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து மதிப்பிடுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து ஒரு பட்டியல் போட்டால் போதும், மொட்டைமாடியிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். பட்டம் விடும் பையன்கள் வருவதற்கு முன் எண்ணி முடித்துவிடுங்கள்.